அழைப்பு என் கணவருக்கு வந்திருக்கிறது, எனக்கு வரவில்லை

கேள்வி எழுதியவர்: கடைசி வரிசை

அனைவருக்கும் ஸ்தோத்திரம். சபையில் யாரிடமும் வாய்விட்டுக் கேட்கத் துணிவில்லாததால் இந்தக் கேள்வியை இங்கே எழுதுகிறேன். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 36 வயது. திருமணமாகிப் பதினொரு ஆண்டுகள் ஆகின்றன; எட்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவளுக்குப் பிறகு இரண்டு முறை கரு கலைந்தது. இரண்டாவது முறைக்குப் பின் நானும் என் கணவரும் பேசி, இனி முயல வேண்டாம், கர்த்தர் கொடுத்த ஒரு பிள்ளையை நன்றாக வளர்ப்போம் என்று முடிவெடுத்தோம். அந்த முடிவுக்கு வர எனக்கு ஒன்றரை ஆண்டு பிடித்தது என்பதையும், வந்தபின் மனதில் ஓர் அமைதி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இப்போது கலைந்திருப்பது அந்த அமைதிதான்.

என் கணவர் மாதம் ஒருமுறை சபையாரோடு ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போய்வருவார். அங்கே டவுன் சிண்ட்ரோம் உள்ள மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கிறான். கைக்குழந்தையாக இருந்தபோதே அவனுக்கு இருதயத்தில் அறுவைச் சிகிச்சை செய்திருக்கிறார்கள். இரண்டரை வயதில்தான் நடக்கத் தொடங்கினானாம். பேச்சு இன்னும் வரவில்லை. மூன்று மாதங்களுக்கு முன் ஓர் உபவாச ஜெபம் முடிந்து வீட்டுக்கு வந்த என் கணவர், சட்டையைக்கூட மாற்றாமல் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "கர்த்தர் என்னோடு பேசினார், அந்தப் பையன் நம்முடைய பிள்ளை" என்றார். எதற்கெடுத்தாலும் "கர்த்தர் சொன்னார்" என்று சொல்லுகிற மனிதராக இருந்தால் நான் இவ்வளவு கலங்கியிருக்கமாட்டேன். இத்தனை ஆண்டுகளில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததே இல்லை. வேலை மாறியபோதும் வீடு மாறியபோதும், "ஜெபித்தேன், சரியென்று தோன்றுகிறது" என்பதோடு நிறுத்திக்கொண்டவர். அதனால்தான் பயமாக இருக்கிறது.

அன்றுமுதல் நானும் ஜெபித்துவருகிறேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வசனமும் இல்லை, சொப்பனமும் இல்லை, உள்ளத்தில் சமாதானம் வரும் என்பார்களே, அதுவும் இல்லை. ஒருமுறை அவரோடு சென்று அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். அவன் ஒற்றைக் காலணியைத் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் வைத்துவிட்டு, என் பாதத்தின்மேல் உட்கார்ந்து காலை நீட்டினான். போட்டுவிட்டேன். கழற்றி மறுபடியும் மடியில் வைத்தான். இப்படி ஏழு முறை. என் கணவர் கண்கலங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். நானோ எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழாவது முறை என் மனதில் எழுந்தது, இன்னும் எத்தனை முறை என்பது மட்டுமே.

தத்தெடுப்பு விண்ணப்பத்தில் இருவர் கையெழுத்துக்கும் இடம் இருக்கிறது. அவர் வற்புறுத்தவில்லை, "நீ சொல்லும்வரை காத்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அமைதியாக இருக்கிறார். அந்த அமைதியே எனக்குப் பாரமாக இருக்கிறது. நான் மறுத்தால் தேவசித்தத்தை எதிர்த்து நிற்கிறவள் ஆகிறேனா? சம்மதித்தால், மனமில்லாமல் வளர்க்கும் ஒரு தாயை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்த பாவம் யாரைச் சேரும்? மரியாளிடம் தேவதூதன் வந்தான். என்னிடம் என் கணவர்தான் வந்திருக்கிறார்.


பதில்: நாள்பட்ட மாணவன்

சகோதரி, உங்கள் கேள்வியின் நேர்மைக்காக முதலில் நன்றி.

எளிதான அழைப்பு என்று ஒன்றை வேதத்தில் தேடிக் கண்டுபிடிப்பது அரிது. எரிகிற முட்செடியின் முன் நின்ற மோசே ஐந்து முறை தயங்கினான்: நான் எம்மாத்திரம் என்றான், உம்முடைய நாமம் என்னவென்று சொல்வேன் என்றான், அவர்கள் நம்பமாட்டார்கள் என்றான், நான் திக்குவாயன் என்றான், கடைசியில் வேறு யாரையாவது அனுப்பும் என்றான். அந்த ஐந்தாவது பேச்சில்தான் கர்த்தருக்குக் கோபம் மூண்டது என்று யாத்திராகமம் நான்காம் அதிகாரத்தில் இருக்கிறது. முதல் நான்குக்கும் அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். எரேமியா தன்னைச் சிறுபிள்ளை என்றான். யோனா தப்பி ஓடக் கப்பல் ஏறினான். ஆகவே உங்கள் பயம், அழைப்பு இல்லை என்பதற்கு அடையாளம் அல்ல.

ஆனால் மகன் ஈசாக்கைப் பலியிடச் சொன்ன வார்த்தை வந்தபோது ஆபிரகாம் அதிகாலையில் எழுந்து கழுதைக்குச் சேணம் கட்டினான் என்பதையும் மறக்கவேண்டாம். உணர்வு வந்தபின் கீழ்ப்படிவோம் என்று காத்திருந்தால் வேதத்தில் பாதிப் பேர் புறப்பட்டிருக்கவே மாட்டார்கள். வார்த்தை குடும்பத்தின் தலையானவருக்கு வந்திருக்கிறது. அவரோடு சேர்ந்து நடங்கள். மனம் பின்னால் வரும்.


பதில்: சித்தப்பா

ஐயா அவர்கள் பயத்தைப் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். தலையைப் பற்றிச் சொன்னதை ஏற்க முடியவில்லை. அதற்குக் காரணம் என் வீடு.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன் என் அண்ணனும், அடுத்த ஆண்டே அண்ணியும் இறந்துபோனார்கள். அவர்களுடைய மகனுக்கு அப்போது ஆறு வயது. எனக்கு ஜெபத்தில் உணர்த்துதல் வந்தது. இன்றும் அது கர்த்தரிடமிருந்து வந்ததென்றே நம்புகிறேன். நான் செய்த பிழை, அதை முதலில் சபையில் சொன்னது. ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரத்தில் எழுந்து, இந்தப் பிள்ளையைக் கர்த்தர் எங்களுக்குத் தந்திருக்கிறார் என்று அறிவித்தேன். சபையே அல்லேலூயா என்றது. பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி அதை அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டாள். எல்லாரும் திரும்பிப் பார்த்ததால் அவளும் சிரித்தாள்.

பெற்றோரைப் பறிகொடுத்த பிள்ளை. பதினொரு வயதுவரை இரவில் படுக்கையை நனைத்தான். ஒவ்வொரு காலையும் அந்த விரிப்பை அலசிக் காயப்போட்டது அவள். நான் மாதத்துக்கு ஒரு சபையில் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தேன். நான்காம் ஆண்டில் ஒருநாள், ஈரக்கையோடு வந்து நின்று, குரலை உயர்த்தாமல், "உங்களுக்கு வந்த அழைப்பை நான் நிறைவேற்றிக்கொண்டிருக்கிறேன்" என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை; எனக்கும் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. மறுநாள் காலைமுதல் விரிப்பை நான் அலசினேன். சாட்சி சொல்வதையும் நிறுத்திவிட்டேன்.

1522-இல் திருமண வாழ்வைப் பற்றி எழுதிய மார்ட்டின் லூத்தர், பிள்ளையின் அழுக்குத் துணியை அலசுகிற தகப்பனைப் பார்த்து ஊரார் நகைத்தாலும் தேவன் தம்முடைய தூதர்களோடும் சிருஷ்டிகளோடும் புன்னகைக்கிறார் என்றார். நல்ல வார்த்தைதான். ஆனால் அதை எழுதியபோது அவருக்குத் திருமணமே ஆகியிருக்கவில்லை. 1525-இல்தான் கத்தரீனாவை மணந்தார். அழைப்பைப் பற்றி மிக அழகாகப் பேசுவது பெரும்பாலும் துணி அலசாத காலத்தில்தான் என்பதை நான் என்னிடமிருந்தே கற்றுக்கொண்டேன்.

ஐயா ஆபிரகாமைச் சொன்னார். அந்த அதிகாரம் முழுவதிலும் அவன் மனைவி சாராளின் பெயர் ஒருமுறைகூட வருவதில்லை. பலியிடப் போன மோரியாவிலிருந்து திரும்பிய ஆபிரகாம் பெயெர்செபாவில் குடியிருந்தான் என்று ஆதியாகமம் 22-ஆம் அதிகாரம் சொல்லுகிறது. அடுத்த அதிகாரத்தில் சாராள் எப்ரோனில் மரிக்கிறாள், ஆபிரகாம் அவளுக்காகப் புலம்ப வருகிறான். இதிலிருந்து அளவுக்கு மீறி ஊகிக்க எனக்கு விருப்பமில்லை. என்றாலும் அந்த இரண்டு ஊர்ப் பெயர்களையும் இப்போதெல்லாம் என்னால் வேகமாக வாசித்துக் கடக்க முடிவதில்லை.

சாமுவேலின் தகப்பன் எல்க்கானாவின் வீட்டைப் பாருங்கள். பிறக்கும் மகனைக் கர்த்தருக்கே கொடுப்பதாகப் பொருத்தனை செய்தவள் அவன் மனைவி அன்னாள், தனியாக, ஆலயத்தில். எண்ணாகமம் 30-இன்படி மனைவியின் பொருத்தனையைக் கேட்ட நாளிலேயே செல்லாததாக்கக் கணவனுக்கு உரிமை இருந்தது. எல்க்கானா தள்ளவில்லை; உன் பார்வைக்கு நலமானபடி செய், பிள்ளை பால் மறக்குமட்டும் பொறுத்திரு என்கிறான். அழைப்பு ஒருவருக்கு வந்தாலும், மற்றவர் தன் வாயால் சம்மதம் சொல்ல அங்கே இடம் இருந்தது. என் மனைவிக்கு அந்த இடத்தை நான் கொடுக்கவில்லை. சகோதரி, உங்கள் கணவர் கொடுத்திருக்கிறார். அவருடைய அமைதியைப் பாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் அப்படி ஒரு வாரமாவது அமைதியாக இருந்திருக்கலாம்.

பையனுக்கு இப்போது இருபது வயது. என் மனைவியை அம்மா என்றுதான் கூப்பிடுகிறான். நான் இன்னும் சித்தப்பாதான்.


பதில்: பத்தொன்பது வயதுக்காரியின் அம்மா

அன்புச் சகோதரிக்கு. டவுன் சிண்ட்ரோம் உள்ள என் மகளுக்குச் சென்ற மாதம் பத்தொன்பது முடிந்தது. என்னிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அவள் பிறந்தபின்தான் மருத்துவர் சொன்னார். ஆகையால் உங்களுடைய நிலையும் என்னுடையதும் ஒன்றல்ல. உங்களுக்குத் தெரிவுசெய்ய இடமிருக்கிறது. அது எனக்கு இருந்ததைவிட எளிதா கடினமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். கடினம் என்றே தோன்றுகிறது.

மருத்துவமனையிலிருந்து வந்த வாரத்தில், "விசேஷமான பிள்ளையைக் கர்த்தர் விசேஷமான பெற்றோருக்குத்தான் கொடுப்பார்" என்று பலர் சொன்னார்கள். அன்புடன் சொன்னதுதான். ஆனால் எனக்கு ஒரு கதவு சாத்தப்பட்டதுபோல் இருந்தது, ஏனென்றால் விசேஷமானவள் என்று பெயர் வாங்கிவிட்டால் அதற்குமேல் யாரிடமும் தூக்கம் வருகிறது என்றுகூடச் சொல்ல முடியாது. வேறு சிலர் மெதுவாக, குடும்பத்தில் ஏதாவது பாவம் உண்டா என்று விசாரித்தார்கள். பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் கேட்ட அதே கேள்வி. இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்று இயேசு சொல்லி இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகியும் அந்தக் கேள்வி ஓயவில்லை. 1866-இல் ஜான் லாங்டன் டவுன் இந்த நிலையை விவரித்தபோது காரணம் தெரியவில்லை. 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதே காரணம் என்று 1959-இல் ஜெரோம் லெஜூனும் அவருடன் இருந்தவர்களும் வெளியிட்டார்கள். செல் பிரியும்போது நேரும் தவறு அது. ஒரு தாய் எதையோ செய்ததாலும் அல்ல, செய்யாமல் விட்டதாலும் அல்ல.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப்பார்க்கமாட்டானா என்று ஆண்டவர் கேட்டது, அவரைப் பின்பற்றுவதைப் பற்றிப் பேசிய இடத்திலேதான். கணக்குப் பார்ப்பது அவிசுவாசம் என்று நம்மில் பலருக்கு ஒரு நினைப்பு இருக்கிறது. ஆகவே உட்காருங்கள். அந்தப் பிள்ளையின் இருதய அறுவைச் சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டு வாங்குங்கள்; இப்பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இருதயக் குறை இருக்கும், சிலருக்கு அறுவைக்குப் பின்னும் ஆண்டுதோறும் பரிசோதனை தேவைப்படும். தைராய்டைத் தவறாமல் பார்க்கவேண்டும். காதில் நீர் கோத்துக்கொண்டு கேட்கும் திறன் குறைவது இவர்களிடம் அடிக்கடி நடக்கும். பேச்சு வரவில்லை என்று சொல்லுமுன் செவியைச் சோதித்தார்களா என்று கேளுங்கள். பேச்சு வரும்வரை கைச்சைகை கற்றுக்கொடுக்கலாம். என் மகள் நான்கு வயதில் முதலில் காட்டிய சைகை "இன்னும்" என்பது. எது வேண்டுமென்று சொல்லத் தெரியாது, இன்னும் வேண்டும் என்று மட்டும் தெரியும். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே எங்கள் வீட்டில் எட்டு மாதம் ஓடியது.

அதைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. அமெரிக்கக் கணக்கின்படி 1983-இல் 25 ஆக இருந்த இவர்களுடைய சராசரி ஆயுள் இன்று ஏறத்தாழ 60. நாற்பதைக் கடந்தபின் மறதி நோய் மற்றவர்களைவிடச் சீக்கிரம் தொடங்கும் வாய்ப்பும் உண்டு. நீங்களும் உங்கள் கணவரும் இல்லாத காலத்தில் அவன் இருப்பான். அப்போது உங்கள் மகள் இருப்பாள். இந்த அழைப்பு உண்மையில் யாருடைய வாழ்நாளைத் தொடுகிறது என்று பாருங்கள். எட்டு வயதுப் பிள்ளையிடம் சம்மதம் கேட்க முடியாது. ஆனால் அவளை அந்த இல்லத்துக்கு அழைத்துப்போகாமல் முடிவெடுப்பதும் முறையல்ல.

வேதத்தில் எனக்குப் பிடித்த ஒரு தகப்பன் மனோவா. சிம்சோன் பிறப்பான் என்ற செய்தி அவனுக்கு வரவில்லை, அவன் மனைவிக்கு வந்தது. அவன் அதைச் சந்தேகிக்கவில்லை. ஆனால், அனுப்பப்பட்டவர் மறுபடியும் ஒருமுறை வந்து, பிறக்கப்போகிற பிள்ளைக்காக நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கற்பிக்கட்டும் என்று ஜெபித்தான். நியாயாதிபதிகள் 13-ஐ எடுத்துப் பாருங்கள்: தேவன் அந்த ஜெபத்தைக் கேட்டார், தூதன் மறுபடியும் வந்தான், ஆனால் அப்போதும் வயலில் தனியாக இருந்த மனைவியிடமே வந்தான். அவள் ஓடிப்போய்க் கணவனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மனோவா எழுந்து அவள் பின்னால் நடந்து போனான். எனக்கும் ஏன் தனியாக வரவில்லை என்று அவன் கேட்டதாக இல்லை. அதேசமயம் கேள்வி எதுவும் கேட்காமல் தலையாட்டவும் இல்லை. "பிள்ளையை எப்படி வளர்க்கவேண்டும்?" என்பதே அவன் கேட்டது. சத்தம் கேட்கவில்லையே என்று மூன்று மாதமாகக் காத்திருக்கிறீர்கள். இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். இதற்கு வானத்திலிருந்து மட்டுமல்ல, மருத்துவரிடமிருந்தும் பதில் கிடைக்கும்.

கடைசியாக, அந்தக் காலணி. இப்பிள்ளைகளின் பாதம் பெரும்பாலும் குட்டையாகவும் அகலமாகவும் இருக்கும். தசைநார்கள் தளர்ந்திருப்பதால் நிற்கும்போது உள்ளங்கால் தட்டையாகிவிடும். சாதாரணக் காலணி இரு பக்கமும் நெருக்கும். அவன் உங்களோடு விளையாடியிருக்கலாம். அல்லது வலிக்கிறது என்று ஏழு முறை சொல்லியிருக்கலாம். அவன் காலில் சிவந்த தடம் இருந்ததா என்று அடுத்தமுறை பாருங்கள்.


பதில்: மாலை மணி

நான் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவள். சொற்கள் சற்று வேறாக இருந்தால் மன்னிக்கவும். தேவதூதன் மரியாவிடம் வந்தார், என்னிடம் கணவர்தான் வந்தார் என்ற உங்கள் வரியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மரியாவுக்குக் கிடைத்த செய்தி யோசேப்புக்குப் போதுமானதாக இருக்கவில்லை. அவர் மனைவியை மறைவாக விலக்கிவிட நினைத்தார். ஆண்டவர் அவரை அதற்காகக் கண்டிக்கவில்லை. அவருக்குத் தனியாக, கனவில், வேறொரு சுவிசேஷத்தில், ஒரு தூதரை அனுப்பினார். பெற்றோர் இருவர் என்றால் சம்மதமும் இரண்டு என்பது அந்த வீட்டிலேயே நடந்திருக்கிறது. இன்னொன்று: மரியா உடனே ஆம் என்றார் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோம். "இது எப்படி நிகழும்?" என்று கேட்டபின்புதான் "உம் சொற்படியே எனக்கு நிகழட்டும்" என்றார். கேள்விக்கும் சம்மதத்துக்கும் நடுவில் விளக்கம் ஒன்று இருந்தது.

இயேசு சபையை நிறுவிய புனிதர் லொயோலா இஞ்ஞாசியார் தம்முடைய "ஆன்மிகப் பயிற்சிகள்" என்ற நூலில் ஒரு விதி வைத்திருக்கிறார்: உள்ளம் வறண்டு, சோர்ந்து, இறைவன் தொலைவில் இருப்பதாகத் தோன்றும் நாள்களில், முன்பு தெளிந்த மனதோடு எடுத்த முடிவை மாற்றக்கூடாது. அப்படிப்பட்ட நாளில் பெரிய முடிவு எதையும் புதிதாக எடுக்காமல் இருப்பதும் நல்லது என்பேன். இரண்டு குழந்தைகளை இழந்த உங்கள் துயரம் இதில் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை நீங்களே அறிவீர்கள். இழந்த பிள்ளைகளின் இடத்தை நிரப்ப இவன் வருகிறான் என்றால், அது அவனுக்குத் தாங்காத சுமை.


பதில்: நாள்பட்ட மாணவன்

என் முதல் பதிலை இரண்டு நாள்கள் கழித்து மறுபடி வாசித்தேன். மோசேயைப் பற்றி எழுதியதை அப்படியே வைத்துக்கொள்கிறேன்; "சேர்ந்து நடங்கள், மனம் பின்னால் வரும்" என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல என்று பவுல் காணிக்கைப் பணத்தைப் பற்றியே எழுதினார் என்றால், பிள்ளையைப் பற்றி அதைவிடக் குறைவாகவா சொல்லியிருப்பார்? சித்தப்பா சகோதரருக்கு என் வணக்கம்.

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். தத்தெடுப்பைப் பற்றிப் பேசும்போது நம் சபைகளில் ரோமர் எட்டாம் அதிகாரத்தின் "புத்திரசுவிகாரம்" என்ற சொல்லைக் கட்டாயம் எடுப்பார்கள். தேவன் நம்மைச் சுவிகரித்தார், ஆகவே நாமும் இரங்கவேண்டும் என்பார்கள். பவுல் வாழ்ந்த ரோம உலகில் சுவிகாரம் என்பது ஆதரவற்ற குழந்தைக்கு இரங்குவது என்பதைவிட, பெரும்பாலும் வளர்ந்த ஆணை வாரிசாக்கும் ஏற்பாடாகவே இருந்தது. அகுஸ்துராயன் கி.பி. 4-இல் திபேரியுவைச் சுவிகரித்தபோது திபேரியுவுக்கு நாற்பது வயதைக் கடந்திருந்தது. அதனால்தான் பவுல் அதே மூச்சில் "சுதந்தரர்", அதாவது வாரிசுகள், என்கிறார். இரக்கம் பெற்றவன் என்பதல்ல, பங்குள்ளவன் என்பதே அந்தச் சொல்லின் எடை. ஆகவே அந்தச் சிறுவன் உங்கள் வீட்டில் ஓர் ஊழியமாக இருக்கப்போகிறானா, உங்கள் மகளுக்குச் சமமான பங்காளியாக இருக்கப்போகிறானா என்று நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளுங்கள். இதை உங்கள் கணவரிடமும் கேட்கவேண்டும்; அழைப்பைக் கேட்டவர் என்பதால் அவர் இதற்குப் பதில் வைத்திருப்பார் என்று நினைத்துவிடாதீர்கள்.

மாட்டேன் என்று சொல்லத் தோன்றினால் சொல்லுங்கள். ஆண்டவர் சொன்ன உவமையில், போகிறேன் ஐயா என்றவன் போகவில்லை. மாட்டேன் என்றவன்தான் பின்பு மனஸ்தாபப்பட்டுத் திராட்சத்தோட்டத்துக்குப் போனான்.


பதில்: கடைசி வரிசை

எழுதிய ஒவ்வொருவருக்கும் நன்றி. உடனே பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னியுங்கள். மூன்று வாரங்கள் ஆகிவிட்டன.

சித்தப்பா அண்ணன் எழுதியதை என் கணவரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அன்று இரவு அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தார். மருத்துவமனைக்கு யார் கூட்டிப்போவது, இரவில் யார் எழுந்திருப்பது, பேச்சுப் பயிற்சிக்காக யார் வேலையைக் குறைத்துக்கொள்வது என்று வரிசையாக எழுதி, பெரும்பாலானவற்றுக்கு நேராகத் தன் பெயரைப் போட்டிருந்தார். நான் இரண்டு இடங்களில் அடித்துத் திருத்தினேன், ஏனென்றால் அவருக்கு இரவில் விழிப்பே வராது என்பது எனக்குத் தெரியும். அதைப் பார்த்து அவர் சிரித்தார். மூன்று மாதங்களில் இந்தப் பேச்சில் நாங்கள் சிரித்தது அன்றுதான். தாளின் கடைசியில் "நமக்குப் பிறகு" என்று எழுதி, எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார். அதை நிரப்ப இருவருக்கும் தெரியவில்லை. அந்த வெற்றிடத்தைத்தான் இப்போது இருவரும் சேர்ந்து ஜெபத்தில் வைத்திருக்கிறோம்.

கரு கலைந்ததைப் பற்றி மாலை மணி அம்மா எழுதியதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. அது சரியாக இருக்கலாம் என்பதால்தான் பதில் இல்லை என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை மகளை அழைத்துக்கொண்டு, கணவர் இல்லாமல், அந்த இல்லத்துக்குப் போயிருந்தேன். செவிப் பரிசோதனை செய்யவில்லையாம். அடுத்த வாரம் செய்ய ஏற்பாடு செய்கிறோம் என்றார்கள். அது நாங்கள் கையெழுத்திட்டாலும் இடாவிட்டாலும் நடக்கும். என் மகள் அவனுக்கு "இன்னும்" என்ற சைகையைக் காட்டினாள். அவன் அவளைப் பார்க்காமல் அவள் தலைமுடியில் இருந்த பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வண்டியில் திரும்பும்போது அவள், "அவன் நம் வீட்டுக்கு வந்தால் என் அறையிலா தூங்குவான்?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். விண்ணப்பம் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. ஆம் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

காலணியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அக்கா. இடது காலணி. கழற்றிப் பார்த்தேன், சுண்டுவிரல் ஓரத்தில் சிவந்த தடம் இருந்தது, அதன் நடுவில் பழைய கொப்புளம் ஒன்று காய்ந்திருந்தது. ஒரு தாளை விரித்து, அவனை அதன்மேல் நிற்கவைத்து, இரண்டு பாதங்களையும் பென்சிலால் வரைந்து எடுத்து வந்திருக்கிறேன். அவன் அசைந்துகொண்டே இருந்ததால் கோடு சில இடங்களில் இரட்டையாக விழுந்திருக்கிறது. எந்தக் கோட்டை அளவாக எடுத்துக்கொள்வது, உள்ளே இருப்பதையா வெளியே இருப்பதையா என்று சொல்லுங்கள். நாளை கடைக்குப் போகிறேன்.